சதுரங்கப் பலகையின் எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

2024 டிசம்பரில் சிங்கப்பூரின் செந்தோசாவில் குகேஷ் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றதிலிருந்து, உயர்நிலை இரண்டில் படிக்கும் உங்கள் மகள் பலகையை விட்டு நகர்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு நெல்மணிக் கதையைச் சொன்னீர்களாம்: முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேர்ந்து 18,446,744,073,709,551,615 மணிகள். கதையைக் கேட்டு வியப்பதற்குப் பதிலாக, "இது எந்தெந்த எண்ணால் வகுபடும்?" என்று அவள் கேட்டாள்; கணிப்பானோ 1.844674407 × 10¹⁹ என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. பெரியது என்பதைத் தவிர இந்த எண்ணுக்கு வேறு சிறப்பு உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. சொல்லப்போனால், அது பெரியது என்பதுதான் அதன் சிறப்புகளிலேயே மிகச் சாதாரணமானது. மகள் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

இருந்தாலும் அளவை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஓர் அரிசிமணி சுமார் 25 மில்லிகிராம் என்று கொண்டால், பலகையின் முதல் 32 கட்டங்களுக்குத் தேவைப்படும் அரிசி ஏறக்குறைய 107 டன். துறைமுகத்தில் இறங்கும் நான்கைந்து பெரிய கொள்கலன்களில் அடங்கிவிடும். 64 கட்டங்களுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 460 பில்லியன் டன். அதைச் சிங்கப்பூரின் சுமார் 735 சதுர கிலோமீட்டர் பரப்பு முழுவதும் சமமாகக் கொட்டிப் பரப்பினால் உயரம் 700 மீட்டரைத் தாண்டும். 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்று அதற்கடியில் எங்கோ புதைந்து கிடக்கும். அளவைப் பற்றி இவ்வளவு போதும்.

முதலில் எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். கணிப்பானை நம்ப முடியாது. எக்செலில் 2⁶⁴ஐக் கணக்கிட்டாலும் 15 இலக்கங்களுக்கு மேல் அது துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை என்பதால் 18446744073709600000 என்று தவறாகக் காட்டும். தாளில் செய்வதுதான் நல்லது, அதற்கு 63 முறை இரட்டிக்க வேண்டியதும் இல்லை. 2ஐ வர்க்கப்படுத்தினால் 4, அதை வர்க்கப்படுத்தினால் 16, பிறகு 256, 65,536, 4,294,967,296. கடைசியாக இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 18,446,744,073,709,551,616. ஆறே பெருக்கல்களில் 2⁶⁴ கிடைத்துவிடும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி என்ற அறிஞர் இந்தக் கூட்டுத்தொகையைக் கடைசி இலக்கம்வரை பிசகில்லாமல் தந்திருக்கிறார் என்பதை நினைத்தால், நம் கையில் இருக்கும் கருவிகளுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

பலகையில் உள்ள மொத்தம் 2⁶⁴ஐவிட ஒன்று குறைவு. காரணம் எளிது: 1 + 2 + 4 + … + 2⁶³ என்ற தொகையோடு இன்னும் ஒரே ஒரு மணியைச் சேருங்கள். தொடக்கத்தில் இருக்கும் 1உம் புதிதாக வந்த 1உம் சேர்ந்து 2 ஆகும். அது அடுத்த கட்டத்தின் 2ஓடு சேர்ந்து 4 ஆகும். இப்படியே பலகையின் இறுதிவரை உருண்டு போய் 2⁶⁴இல் நிற்கும். சேர்த்த மணியைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நம் எண்.

இனி வகுபடுதல். 3ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது. 87ஐ 3 வகுக்கும், 9 வகுக்காது. ஆகவே எண்ணில் 3 ஒரே ஒரு முறை இருக்கிறது. கடைசி இலக்கம் 5 என்பதால் 5உம் ஒரு காரணி. 7ஐ முயன்றால் மீதி 1 வரும். 11உம் 13உம் வகுக்கா. இப்படி ஒவ்வொரு பகா எண்ணாக முயன்றுகொண்டே போனால் பொறுமைதான் முதலில் தீரும். 20 இலக்க எண் ஒன்றை எந்தத் துப்பும் இல்லாமல் கையால் காரணிப்படுத்துவது நடக்கிற காரியமே அல்ல.

இங்கே நமக்கு ஒரு துப்பு இருக்கிறது, அதுவும் உயர்நிலை இரண்டின் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது இரு காரணிகளின் பெருக்கற்பலன்: அ² − 1 = (அ − 1)(அ + 1). 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். எனவே

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1).

வலப்பக்கத்தில் இருக்கும் 2³² − 1உம் அதே வடிவம். அதை (2¹⁶ − 1)(2¹⁶ + 1) என்று பிரிக்கலாம். அதில் மறுபடியும் அதே வடிவம். 64 என்பதே 2இன் அடுக்கு என்பதால் இந்தப் பிரிப்பு பாதியில் எங்கும் முட்டிக்கொள்ளாமல் 2 − 1 = 1 வரை இறங்கிவிடுகிறது. மிஞ்சுவது:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297.

20 இலக்க எண் ஆறு வரிகளில் பிரிந்துவிட்டது. ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை: 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1, 2³² + 1. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 1640ஆம் ஆண்டுவாக்கில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் இவற்றைப் பற்றிக் கடிதங்களில் எழுதினார். இந்த வடிவில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்பது அவருடைய நம்பிக்கை. முதல் ஐந்தைச் சோதித்தால் அவர் சொன்னது சரிதான்: 3, 5, 17, 257, 65,537 ஐந்துமே பகா எண்கள்.

ஆறாவதுக்குப் போகும் முன் இன்னொரு பண்பைக் கவனிக்க வேண்டும். மேலே செய்த பிரிப்பையே வேறு விதமாகப் படித்தால், எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும் அதற்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்கற்பலன் அதைவிடச் சரியாக 2 குறைவு: 3 × 5 = 17 − 2, 3 × 5 × 17 = 257 − 2. இதிலிருந்து, எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பது உடனே புலப்படும். அப்படி ஒன்று இருந்தால் அது அந்த 2ஐயும் வகுத்தாக வேண்டும், ஆனால் இவை அனைத்தும் ஒற்றை எண்கள். கோல்ட்பாக் என்ற கணிதர் 1730இல் இன்னொரு கணிதரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாதம் இருக்கிறது. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கும் இதுவே ஒரு நிரூபணம் ஆகிவிடுகிறது: ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் முன்பு வராத புதுப் பகா எண் ஒன்றையாவது கொண்டுவந்தே தீரும்.

இப்போது 4,294,967,297. ஃபெர்மாவின் நம்பிக்கை உண்மையா என்று 1729இல் ஆய்லரைக் கேட்டவரும் கோல்ட்பாக்தான். 1732இல் ஆய்லர் விடை தந்தார்: இது பகா எண் அல்ல, 641ஆல் வகுபடுகிறது.

4,294,967,297 = 641 × 6,700,417.

பத்து இலக்க எண்ணுக்குள் 641 எப்படி அகப்பட்டது? பின்னாளில் ஆய்லரே வழியை விளக்கினார். ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2இன் அடுக்குகளை வரிசையாக வகுத்து மீதிகளை எழுதினால், 32ஆவது அடுக்கில் மீதி −1க்குச் சமமாகும் (அதாவது, 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும்). 64ஆவது அடுக்கில்தான் முதன்முறையாக 1 திரும்பி வரும். ஆனால் ஃபெர்மாவின் இன்னொரு தேற்றத்தின்படி, பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 ஆக வேண்டும். ஆகவே அந்த ஒன்று குறைவான எண் 64இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். அதாவது 65, 129, 193, 257 என 64, 64ஆகத் தாவிப் போகும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641, … ஐந்தாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிட்டது. ஃபெர்மா இதைத் தேடிப் பார்க்காமல் விட்டது எனக்கு எப்போதும் புதிராகவே இருக்கிறது. தேவையான தேற்றம் அவருடையதுதானே.

641 வகுக்கிறது என்பதை வகுத்தே பார்க்காமல் காட்டும் ஒரு வழியும் உண்டு. உங்கள் மகளுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். 641ஐ இரு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரியின்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். இரு பக்கத்தையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமமாகும். இரண்டாவது வரியின்படி, 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ வைக்கலாம். வைத்தால், −2⁴ × 2²⁸, அதாவது −2³², 1க்குச் சமம். ஆகவே 2³² + 1இன் மீதி பூஜ்யம். பெரிய எண் எதையும் தொடாமல் நான்கு வரிகளில் முடிந்துவிட்டது.

மிச்சம் இருக்கும் 6,700,417 பகா எண்தானா? இதன் வர்க்கமூலம் 2,588க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் ஆய்லரின் நிபந்தனையை இன்னும் இறுக்கினார்: காரணி 64இன் மடங்கைவிட அல்ல, 128இன் மடங்கைவிட ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். 2,588க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் ஐந்துதான்: 257, 641, 769, 1,153, 1,409. இவற்றில் 257 தானே ஒரு ஃபெர்மா எண் என்பதால் கோல்ட்பாக்கின் வாதப்படி அது விலகிவிடும். மற்ற நான்கால் வகுத்தால் முறையே 44, 120, 334, 622 என மீதிகள் வருகின்றன. நான்கு வகுத்தல்கள், பள்ளிக் கணிப்பானே போதும். 6,700,417 பகா எண் என்று உறுதியாகிவிட்டது.

ஆகவே மகளுக்கான முழு விடை:

18,446,744,073,709,551,615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417.

ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒரு காரணியை உருவாக்கும்போது இந்த ஏழில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், 1ஐயும் எண்ணையும் சேர்த்து மொத்தம் 2⁷ = 128 எண்கள் இதை மீதியின்றி வகுக்கும். அந்த 128இல் 15, 255, 65,535, 4,294,967,295 ஆகியவையும் அடங்கும். கணினித் துறையில் வேலை செய்பவர்களுக்கு இவை அன்றாடம் கண்ணில் படும் எண்கள். 8, 16, 32 பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற இரும இலக்கங்களில்) எழுதக்கூடிய மிகப் பெரிய எண்களே 255உம் அடுத்த இரண்டும். தன்னைத் தவிர்த்த மற்ற எல்லாக் காரணிகளையும் கூட்டினால் எண்ணின் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் தேறும். இத்தனை காரணிகள் இருந்தும் கூட்டுத்தொகை எண்ணை எட்டாததற்கு, அவற்றில் சிறிய பகா எண்கள் குறைவு என்பதே காரணம்.

இந்தக் காரணிகளுக்கு வடிவியலில் ஒரு மறுபிறவி உண்டு. 1796இல், 19 வயதுகூட நிறையாத காஸ் என்ற ஜெர்மானியக் கணிதர், அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒரு பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமென்றால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும்; வேறு எதுவும் உதவாது என்ற மறுபாதியை 1837இல் வான்ட்செல் நிரூபித்தார். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அந்த முதல் ஐந்து மட்டுமே. அடுத்து வரும் இருபத்தெட்டும், அதாவது 2³² + 1 முதல் அடுக்கு 2³² ஆக இருக்கும் எண்வரை, பகு எண்கள் என்று தெளிவாகிவிட்டது. ஐந்தையும் பெருக்கினால் 4,294,967,295. அதாவது, வரைய முடியும் என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கையும், சதுரங்கப் பலகையின் முதல் பாதியில் சேரும் மணிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. பலகையின் முழு எண்ணுக்கு இந்தப் பேறு இல்லை. 641 குறுக்கே நின்று கெடுத்துவிடுகிறது.

வர்க்கங்களோடு இந்த எண்ணுக்கு உள்ள உறவும் விசித்திரமானது. 8ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண் எதையும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. நான்கு கட்டாயம் வேண்டும். எந்த முழு எண்ணுக்கும் நான்கு போதும் என்பது 1770இல் லக்ராஞ்சு நிரூபித்தது. நம் எண்ணில் கோளாறு செய்வது 3 மட்டும்தான். மற்ற ஆறு காரணிகளும் 4ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. அவற்றின் பெருக்கற்பலனை அ² + ஆ² என்று எழுதிவிடலாம். அதை 3ஆல் பெருக்கும்போது

3(அ² + ஆ²) = (அ + ஆ)² + (அ − ஆ)² + அ² + ஆ²

என நான்கு வர்க்கங்கள் தாமாக வந்து நிற்கின்றன. விரித்துச் சரிபார்ப்பது மகளுக்கு ஐந்து நிமிட வேலை.

இரும எண்முறையில் எழுதினால் இந்த எண் 64 ஒன்றுகளின் வரிசை, வேறு எதுவுமில்லை. நவீனக் கணினி ஒரே மூச்சில் கையாளும் 64 பிட்டுகளில் குறியில்லா (எதிர்மறை இல்லாத) முழு எண்ணின் உச்ச வரம்பும் இதுவே. ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்க நிரல்கள் இதை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்கின்றன: ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் என்று வைத்துக்கொண்டு, வெள்ளைச் சிப்பாய்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதை ஒற்றை எண்ணாகவே எழுதுகின்றன. எல்லாக் கட்டங்களும் நிறைந்த பலகை என்றால் அந்த எண் நம்முடையது. ஒவ்வொரு எண்ணும் தனக்கு மேலிருக்கும் இரண்டின் கூட்டலாக அமையும் பாஸ்கல் முக்கோணத்தில் 64 உறுப்புகள் கொண்ட வரிசையைப் பார்த்தாலும் இதே எண் ஒளிந்திருக்கிறது. அந்த வரிசையில் உள்ளவை அனைத்தும் ஒற்றை எண்கள், ஒற்றைக்கு 1 என்று எழுதினால் 64 ஒன்றுகள்.

ஹனோய் கோபுரம் என்ற புதிரில், சிறியதன் மேல் பெரியதை வைக்காமல் ஒவ்வொரு தட்டாக நகர்த்தி, 64 தட்டுகள் கொண்ட அடுக்கை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றவும் இத்தனை நகர்த்தல்கள் வேண்டும். வினாடிக்கு ஒன்று வீதம் ஏறக்குறைய 585 பில்லியன் ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் புதிரை 1883இல் வெளியிட்டவரும் மேலே சொன்ன லூக்காவே.

கடைசியாக அண்டை அயல். 2 கூட்டினால் வரும் 2⁶⁴ + 1 அடுத்த ஃபெர்மா எண். அதை 274,177 × 67,280,421,310,721 என்று 1880இல் பிரித்தவர் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது அவருக்கு வயது 82. 2⁶⁴க்குக் கீழே மிக அருகில் இருக்கும் பகா எண் 2⁶⁴ − 59, மேலே 2⁶⁴ + 13. இந்த வட்டாரத்தில் பகா எண்களுக்கிடையே சராசரி இடைவெளி 44 அளவில்தான் என்பதால் நம் எண் சற்று வறண்ட பகுதியில் குடியிருக்கிறது என்று சொல்லலாம். ஒரு கட்டத்தைக் குறைத்து 2⁶³ − 1 என்று எடுத்தால் காரணிகளின் முகமே மாறிவிடும்: 7² × 73 × 127 × 337 × 92,737 × 649,657. 63க்கு 7, 9, 21 என்று வேறு வகுத்திகள் இருப்பதே காரணம். அடுக்கில் இருக்கும் எண்ணின் வகுத்திகள்தாம் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

மகளுக்கு அடுத்த வேலை தேவைப்பட்டால் 2⁶⁰ − 1ஐக் கொடுங்கள். 60க்கு வகுத்திகள் ஏராளம் என்பதால் 3, 5, 7, 11, 13, 31, 41, 61 என்று சின்னப் பகா எண்கள் வரிசையாக வரும். 3உம் 5உம் இரண்டு முறை வரும். இவற்றையெல்லாம் வகுத்து எடுத்த பிறகு மிஞ்சுவது இன்னும் மூன்று பகா எண்கள். அந்த மூன்றில் மிகப் பெரியதுகூட நான்கு இலக்கத்தைத் தாண்டாது என்பதை மட்டும் துப்பாகச் சொல்லுங்கள்.